பழைய காரின் பழுது: சொந்தக் கையா, ஊர் மெக்கானிக்கா, கம்பெனி சர்வீஸா?

டிஎன் 29 (தர்மபுரி), டிஎன் 24 (கிருஷ்ணகிரி) பலகையோடு பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கார் ஒன்றை வைத்திருப்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒரு பெரிய தொகையை எஸ்டிமேட்டாக எழுதித் தருகிறது. ஊரிலுள்ள மெக்கானிக் அதில் பாதிக்கும் குறைவாக முடித்துத் தருவதாகச் சொல்கிறார். யூடியூப்பில் ஒருவர் அதே வேலையை இரண்டு ஸ்பேனரோடு கால் மணி நேரத்தில் முடித்துக் காட்டுகிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது?

மூவரில் ஒருவரை நிரந்தரமாகத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. பழுது பார்ப்பது என்பதற்குள் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், அதைக் கழற்றி மாட்டுவதும் என இரண்டு வேலைகள் உள்ளன. பழைய காரில் பணம் கரைவது பெரும்பாலும் முதல் வேலையைச் சரியாகச் செய்யாமல், 'இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம்' என்று ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதில்தான். ஆகவே முதல் வேலையில் முடிந்தவரை உரிமையாளரே இறங்க வேண்டும். இரண்டாவதை யாரிடம் கொடுப்பது என்பதை ஒவ்வொரு பழுதுக்கும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும்.

எவற்றை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, வேலை பிசகினால் என்ன ஆகும் என்பது. வைப்பர் பிளேடைத் தவறாக மாட்டினால் கண்ணாடி சரியாகத் துடைபடாது, அவ்வளவுதான். பிரேக் வேலை பிசகினால் அது தொப்பூர் கணவாய் இறக்கத்தில்தான் தெரியவரும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அந்த இறக்கத்தைத் தவிர்க்க முடியாத நம் பகுதிக்காரர்களுக்கு இந்த அளவுகோல் மற்ற எல்லாவற்றுக்கும் மேலானது.

அடுத்தது, கோளாறு உறுதியாகத் தெரிந்துவிட்டதா, இன்னும் ஊகமாகவே இருக்கிறதா என்பது. மூன்றாவது, கருவிகள்: ஒருமுறை மட்டுமே பயன்படப்போகும் கருவியின் விலை லேபர் கூலியைவிட அதிகமானால் சொந்தக் கை வேலையில் மிச்சம் ஒன்றுமில்லை. நான்காவது, பாகம் எங்கே கிடைக்கும், ஒரிஜினல்தானா என்பது. ஐந்தாவது, வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பது. அரூரிலிருந்து தர்மபுரிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் எனும்போது, காலையில் விட்டு மாலையில் எடுப்பதே ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். கடைசியாக, அதே கோளாறு ஒரு மாதத்தில் திரும்ப வந்தால் யார் பொறுப்பேற்பார்கள் என்பது.

கோளாறைக் கண்டுபிடிப்பது: இதை நீங்களே செய்யுங்கள்

இதற்கு வேண்டிய முதலீடு மிகக் குறைவு. சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், நல்ல வெளிச்சம் தரும் ஒரு டார்ச், ஒரு நோட்டு. 2013க்குப் பிறகு வாங்கிய காராக இருந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினி பதிவு செய்யும் கோளாறு எண்களைப் படிப்பதற்கான இணைப்பு) செருகிக் கைப்பேசியில் பார்க்கும் சிறிய ஸ்கேனர் ஒன்று.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும் காரை எடுத்துக்கொள்வோம். பேட்டரி போய்விட்டது என்று உடனே புதிதாக வாங்குபவர்கள் பலர். இரவு முழுவதும் நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன், பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது. பின்பு இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைக் கவனியுங்கள். முழு சார்ஜில் இருந்த பேட்டரி 10 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனமாகிவிட்டது. சரியாமல் நிற்கிறது, ஆனால் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை என்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறுமுனையை அதைப் பற்றியிருக்கும் கிளாம்பிலும் வைத்து மறுபடியும் சாவி திருப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, எனவே மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் கோளாறு அந்த இணைப்பில் இருக்கிறது. அங்கே படிந்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பல கார்கள் அப்படியே ஸ்டார்ட் ஆகிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது அதே பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5க்குக் கீழேயே நின்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. புதுப் பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் ஊருக்கே உரியது. சூளகிரி தாண்டி ஓசூர் ஏறும்போதோ, சேலத்திலிருந்து திரும்பித் தொப்பூர் ஏற்றத்தில் வரும்போதோ எஞ்சின் சூட்டு முள் மேலே போகிறது. இந்த இரு மாவட்டங்களிலும் பல கார்களின் ரேடியேட்டரில் ஊற்றப்படுவது வீட்டு போர்வெல் தண்ணீர். நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்ட பகுதி இது. ஆனால் ரேடியேட்டருக்குத் தொல்லை தருவது அதே தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். சூடாகும்போது அவை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் சுண்ணாம்பாகப் படிந்து, ஓட்டத்தை அடைத்துவிடும்.

முதலில் எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கூலன்ட் துருநிறத்திலோ, வெள்ளைப் படிவோடோ இருந்தால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் ரேடியேட்டர் ஃபேன் அப்போது சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஃபேன் சுற்றுகிறது, நகரத்துக்குள் சூடாகவில்லை, ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் மட்டும் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பின் மீது சந்தேகம் வலுக்கும். சூடு ஏறிய பின்னும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்காமல் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வருவது, ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை படிவது, சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது ஆகியவை சேர்ந்து தெரிந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) போயிருக்கக்கூடும். அதோடு உங்கள் பங்கு முடிந்தது. காரை ஓட்டாமல் நிறுத்தி, அடுத்தவரை அழையுங்கள்.

ஸ்கேனரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது காட்டும் எண், காய்ச்சல் மானி காட்டும் அளவைப் போன்றது. நோயின் பெயர் அல்ல. பி0171 என்று வந்தால் எரிபொருள் கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்றுதான் பொருள். வெடித்துப்போன ஒரு ரப்பர் வேக்குவம் குழாயும் அதற்குக் காரணமாகலாம், அடைந்துபோன பெட்ரோல் ஃபில்டரும் காரணமாகலாம். அந்த எண்ணைப் பார்த்ததுமே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது வீண் செலவு.

சொந்தக் கை

ஏர் ஃபில்டர், ஏசி கேபின் ஃபில்டர், வைப்பர் பிளேடு, பல்பு, ஃபியூஸ், பேட்டரி, கூலன்ட் அளவு ஆகியவை எவரும் செய்யத் தக்கவை. கிரானைட் லாரிகள் ஓடும் சாலைகளில் தினமும் போகிறவர்கள், ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் திறந்து பார்ப்பது நல்லது. கொஞ்சம் பழகியவர்கள் ஸ்பார்க் பிளக், ஃபேன் பெல்ட், எஞ்சின் ஆயில் வரை போகலாம்.

இதன் மறைவான செலவுகள் மூன்று. ஒன்று, பழைய போல்ட்டுகள். பல ஆண்டு துருவேறிய போல்ட்டின் தலை உருண்டுவிட்டால், பத்து நிமிட வேலை லேத் பட்டறை வரை போய்விடும். அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கைக் கோணலாக நுழைத்து ஸ்பேனரால் திருகினால் மரை போய்விடும். எனவே பிளக்கை முதல் சில சுற்றுகள் விரலாலேயே திருக வேண்டும், விரலுக்கு இணங்கவில்லை என்றால் வெளியே எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு, நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கழற்றிப்போட்ட பிறகு ஒரு வாஷர் வேண்டும் என்று தெரியும்போது ஸ்பேர் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மூன்று, கழிவு. வடித்த எஞ்சின் ஆயிலைச் சாக்கடையிலோ வேலி ஓரத்திலோ ஊற்றக்கூடாது. கேனில் பிடித்து, கழிவு ஆயிலைச் சேர்த்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்க வேண்டும். கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனால் நாயோ ஆட்டுக்குட்டியோ குடித்துவிடும்.

காரைத் தூக்கி அடியில் நுழைய வேண்டிய எந்த வேலைக்கும், காரோடு வந்த ஜாக்கியை நம்பக்கூடாது. அது டயர் மாற்ற மட்டுமே. நம் பக்கம் வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பக்கவாட்டில் வைத்த ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் இன்றி நொறுங்கும். ஜாக் ஸ்டாண்ட் ஜோடி வாங்க மனமில்லாதவர்கள் அந்த வேலையைக் கடைக்குக் கொடுத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொந்தக் கையால் தொடவே கூடாதவை: ஏர்பேக் வயரிங், காமன் ரயில் டீசல் எஞ்சினின் உயரழுத்தக் குழாய்கள் (1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்), சிஎன்ஜி சிலிண்டரும் அதன் குழாய்களும்.

ஊர் மெக்கானிக்

பழைய காருக்கு இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று சொல்லத்தக்க வேலைகள் பல. கார்புரேட்டர் வைத்த மாருதி 800 முதல் பழைய டீசல் வண்டிகள் வரை கையாண்ட பழக்கம் இன்றைய சர்வீஸ் சென்டர்களில் அரிது. கிளட்ச் செட், சஸ்பென்ஷன் புஷ், லோயர் ஆர்ம், சைலன்ஸர் வேலை, ஆயில் கசிவு போன்றவற்றில் கூலி குறைவு, கை வேகம் அதிகம். முழுப் பாகத்தையும் மாற்றாமல் அதற்குள் போன சிறு உறுப்பை மட்டும் மாற்றித் தரவும் செய்வார். டைனமோவில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் பிரஷ்ஷோடு வேலை முடிந்துவிடும். அதோடு, பாலக்கோட்டில் வண்டி நின்றுபோனால் தன் பைக்கில் வந்து பார்ப்பவரும் இவர்தான். இந்த உறவுக்கு பில் புத்தகத்தில் இடமில்லை.

மறைவான செலவு, ஊகத்தின் அடிப்படையில் பாகம் மாற்றுவது. 'இதைப் போட்டுப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் அடுத்ததைப் பார்ப்போம்' என்ற பேச்சு வந்தால் உடனே, 'இதுதான் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்தது, அண்ணா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். விளக்கிச் சொல்பவரிடம் வண்டியை நம்பி விடலாம். வேலையைத் தொடங்கும் முன் தொகையைக் கேட்டுக்கொள்வதும், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதும் தவறாகக் கருதப்படுவதில்லை.

ஸ்பேரை நீங்களே வாங்கித் தரலாமா? தரலாம், பில்லோடு ஒரிஜினல் கிடைக்கும், லாபமும் உங்களுக்கே. கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டரில் பெங்களூரு ஜே.சி. ரோடு இருக்கிறது, அரிய பாகங்களுக்கு அங்கே போகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாகம் சரியில்லை என்று தெரிந்தால் மறுபடி கழற்றி மாட்டும் கூலி உங்கள் தலையில்தான் விழும்; அதை மெக்கானிக்கிடம் கேட்பது நியாயமில்லை. பிரேக் பேட், ஆயில் ஃபில்டர், டைமிங் பெல்ட் ஆகிய மூன்றில் மட்டும் டூப்ளிகேட்டை எந்த விலைக்கும் ஏற்காதீர்கள். டைமிங் பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். பெல்ட்டின் விலை அப்போது ஒரு பொருட்டாகவே இராது.

இவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள், ஒரே வேலையை மட்டும் செய்யும் கடைக்காரர்கள்: ரேடியேட்டர் கடை, ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், லேத் பட்டறை. கோளாறு இன்னதென்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் நேரே இவர்களிடம் போவதே சிக்கனம்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

ஏர்பேக், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு), இம்மொபிலைசர் சாவி (சிப் வைத்த திருட்டுத் தடுப்புச் சாவி), ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருள் ஆகியவற்றுக்கு இதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. கம்பெனி தானே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ரீகால் வேலைகள் இலவசம்; பழைய காரை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பில், வேலைக்கு வாரண்டி, கணினியில் சர்வீஸ் வரலாறு ஆகியவை கிடைக்கின்றன; விற்கும்போது அந்த வரலாற்றுக்கு மதிப்பு உண்டு.

இங்கே உறுப்பை மாற்ற மாட்டார்கள், முழு அசெம்பிளியையே மாற்றுவார்கள். லேபர் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். எஞ்சின் ஃப்ளஷ், அடிப்பகுதிக் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம் என்று கேட்காத வரிகள் எஸ்டிமேட்டில் நுழைந்திருக்கும். அவற்றை அடித்துவிடச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. தயாரிப்பு நின்று பல ஆண்டுகளான மாடல் என்றால் பாகம் வர வாரங்கள் ஆகலாம், அதுவரை வண்டி அவர்கள் வளாகத்தில் நிற்கும்.

பிரேக்: தனியாகப் பேச வேண்டியது

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது வரையறுக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கு 155 மட்டுமே. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தி வரும்போது பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். இந்தக் கட்டுரையில் சொந்தக் கைக்கு நான் கொடுத்த சலுகை எதுவும் பிரேக்குக்குப் பொருந்தாது: ஆயில் அளவையும் பேட் கனத்தையும் நீங்கள் பாருங்கள், மாற்றுவதைத் தேர்ந்தவரிடம் விடுங்கள், ஏபிஎஸ் உள்ள கார் என்றால் பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்க ஸ்கேனர் தேவைப்படுமா என்று முதலிலேயே கேளுங்கள். அதே சாலையில் ஏறும்போது போடும் கியரிலேயே இறக்கத்திலும் இறங்குவது எந்தப் பழுதுபார்ப்பையும்விட மலிவானது.

ஒரே பார்வையில்

| பழுது | கண்டுபிடிப்பவர் | வேலையைக் கொடுக்க ஏற்றவர் | கவனம் |
|---|---|---|---|
| ஃபில்டர், பல்பு, பேட்டரி | நீங்கள் | நீங்கள் | பேட்டரி முனை கழற்றும் வரிசை |
| ஸ்பார்க் பிளக், ஃபேன் பெல்ட் | நீங்கள் | பழகியவர் தாமே. இல்லையேல் மெக்கானிக் | மரை |
| எஞ்சின் சூடேறுவது | நீங்கள் தொடங்கி மெக்கானிக் முடிப்பது | ரேடியேட்டர் கடை. ஹெட் வேலை என்றால் மெக்கானிக்கும் லேத்தும் | சூட்டோடு ஓட்டக்கூடாது |
| சார்ஜ் ஆகாதது | நீங்கள் | ஆட்டோ எலக்ட்ரீஷியன் | முழு டைனமோ தேவைதானா |
| கிளட்ச், சஸ்பென்ஷன் | மெக்கானிக் | மெக்கானிக் | பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது |
| பிரேக் | நீங்களும் மெக்கானிக்கும் | தேர்ந்த மெக்கானிக் அல்லது கம்பெனி | டூப்ளிகேட் கூடாது |
| ஏர்பேக், ஏபிஎஸ், சாவி | கம்பெனி | கம்பெனி | ரீகால் இருக்கிறதா |

பெரிய செலவு வந்தால் ஆர்சி தேதியைப் பாருங்கள்

எஞ்சின் இறக்குவது, கியர்பாக்ஸ், முழு பெயின்ட் போன்ற வேலைகளில் யாரிடம் கொடுப்பது என்பதற்கு முன்னால், செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வி நிற்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025இல் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. டெல்லியில் பேசப்படும், டீசல் காருக்கு 10 ஆண்டு, பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு என்ற தடை தமிழ்நாட்டில் இல்லை. அதற்குப் பயந்து நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

பதிவு முடிய இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது, அடித்தளத் தகட்டில் துரு ஓட்டை விழுந்திருக்கிறது, அதோடு ஹெட் கேஸ்கெட்டும் போயிருக்கிறது என்றால் விற்பதே நல்லது. துரு இல்லாத பாடி, எல்லாச் சிலிண்டரிலும் சீரான கம்ப்ரஷன் (பிஸ்டன் உருவாக்கும் அழுத்தம்), போனது கிளட்ச் மட்டும் என்றால் தாராளமாகச் செலவு செய்யலாம். கம்ப்ரஷன் சோதனையை மெக்கானிக் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். பெரிய தொகைக்குச் சம்மதம் சொல்லும் முன் அந்த அளவுகளைக் கேட்டு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.